புகைபோக்கி விழுவதற்கு முன் பூட்டிய கதவுகள்

திருப்பூர் காதர்பேட்டையில் ஒரு கடையில் பனியன் வாங்க நின்றிருந்தேன். உள்ளே யாரோ துணிப் பொதியைப் பிரித்தார்கள். சாயம் ஏறாத, தண்ணீர் காணாத பின்னல் துணி. தறியின் ஊசிகளில் ஊறிய எண்ணெய் வாசனை அதில் அப்படியே இருந்தது. கனத்த, லேசாக இனிக்கிற, விரலில் ஒட்டிக்கொண்டு விடாத வாசனை. கடைக்காரர் என்ன அளவு என்று கேட்டார். அந்த நேரம் நான் ஒரு பனிமலையின் ஓரத்தில், கையுறையைக் கழற்றிவிட்டு, சப்பாத்தி மாவு போன்ற ஒன்றை உள்ளங்கையில் பிசைந்துகொண்டிருந்தேன்.

பிளாஸ்டிக் வெடிமருந்துக்கும் இந்த ஊர்த் துணிக்கும் வாசனையில் உறவு உண்டு என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். என் மூக்கு அப்படித்தான் பழகியிருக்கிறது. பட்டாளத்தில் பொறியாளர் பிரிவில் பாதி வாழ்க்கை. வெள்ளகோவில் திரும்பியபின் கல்குவாரி, கிணறு, பழைய கட்டடம் இறக்குவது என்று மீதி. இப்போது காது முன்போல் இல்லை. விசில் சத்தம் கேட்காதவன் வெடி வைக்கக் கூடாது. அதனால் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கொடுத்த கை இன்னும் சும்மா இருக்க மறுக்கிறது. சோறு பிசையும்போதுகூட உருட்டிப் பார்க்கிறது. அந்தக் கையை அடக்கத்தான் உங்களுக்கு இதை எழுதுகிறேன். உரிமம் புதிதாக வாங்கி, மஞ்சள் தலைக்கவசம் இன்னும் கீறல் விழாமல் வைத்திருக்கிற உங்களுக்கு.

எவ்வளவு, எங்கே, எப்படி என்பதை எழுத மாட்டேன். அதைப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். பட்டாளத்துச் சரக்கு நமக்கு இங்கே கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. அங்கே அது பாலத்தின் இரும்பை அறுத்தது, சாலையில் உருண்டு கிடந்த பாறையைப் பிளந்தது. இங்கே உறையில் வருகிற அதன் தம்பி, கணியூர்ப் பக்கம் கிணற்றுக்கு அடியில் ஈரம் தேடுகிறது, குவாரியில் ஜல்லிக்குக் கல் தருகிறது, பாழான ஆலையைத் தரைக்குக் கொண்டுவருகிறது. வேலை வேறு, குணம் ஒன்று. அது அடக்கமான பொருள். சொன்ன இடத்தில் உட்காரும். சொன்ன வடிவத்துக்கு வரும். அவசரம் என்கிற ஒன்று அதற்குத் தெரியவே தெரியாது. அவசரத்தை நாம்தான் சட்டைப் பையில் போட்டுக் கொண்டுபோகிறோம்.

மலையில் எங்களுக்கு ஒரு ஹவில்தார் இருந்தார். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. ஒரு நாள் மண்சரிவில் பெரும் பாறை சாலையை அடைத்துவிட்டது. பின்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. எல்லாம் வைத்தாகிவிட்டது. அதிகாரி வெடிக்கச் சொல்லிக் கையை அசைக்கிறார். ஹவில்தார் வெடிப்பெட்டியின் சாவியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு பாறைக்கு அந்தப்பக்கம் நடந்தார். வெடிப்பெட்டி என்றால் தூரத்தில் இருந்து வெடியைத் தூண்டுகிற சின்னப் பெட்டி. சாவி இல்லாமல் அது வெறும் டப்பா. சாவி யாரிடம் இருக்கிறதோ அவர் உயிரோடு திரும்பும்வரை யாரும் வெடிக்க முடியாது. அதிகாரி கத்தினார். ஹவில்தார் திரும்பிப் பார்க்கவில்லை. நிதானமாகச் சுற்றி வந்து, பனியைத் தட்டிவிட்டு, "யாரும் இல்லை" என்றார். யாரையோ காப்பாற்றிவிட்டு வந்த மனிதரின் முகம் அது. யாரும் இல்லை என்பதைக் கண்ணால் பார்த்ததில் அவ்வளவு நிறைவு. அப்போது அந்த முகம் எனக்குப் புரியவில்லை.

புரிந்தது திருப்பூரில், ஒரு சாயப்பட்டறையின் புகைபோக்கிக்குக் கீழே.

பட்டறை மூடிப் பல காலம். சாயத்தொட்டிகளில் சேறு காய்ந்து, நீலமும் சிவப்புமாகப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அந்த இடத்தில் புதிய பனியன் கம்பெனி எழுப்ப முதலாளி முடிவு செய்திருந்தார். கான்கிரீட் புகைபோக்கி மட்டும் நின்றது, போகச் சொல்லியும் போகாத விருந்தாளி மாதிரி. பட்டறைக்கு வடக்கே தொட்டிகள், வெற்றிடம். அங்கேதான் சாய்க்க வேண்டும். தெற்கே, சுவரை ஒட்டிய சந்தில், ஒரு லைன் வீடு. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒற்றை அறைகள், வரிசையாகக் கதவுகள். சாத்தான்குளத்துக்காரர்கள், தேனிக்காரர்கள், ஒடிசாக்காரர்கள், எல்லாரும் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள்.

புகைபோக்கி வடக்கே சாயும் என்று எனக்குத் தெரியும். நமக்குத் தெரிந்தது கான்கிரீட்டுக்கும் தெரியும் என்று நம்பக் கூடாது. தெற்கே தெறித்தால் அந்தக் கூரை ஆஸ்பெஸ்டாஸ், தாங்காது. அதனால் லைன் வீட்டில் ஒரு ஆள்கூட இருக்கக் கூடாது. வேலை முழுக்க எனக்கு அந்த ஒரு வரிதான்.

முந்தின நாளே சொல்லியாயிற்று. காலையில் ஆட்டோவில் மைக் கட்டித் தமிழிலும் இந்தியிலும் சொன்னோம். உச்சிப் பகலில் முதலாளியின் ஆட்கள் அறை அறையாகப் போய், ஆளை வெளியே அனுப்பி, காலியான கதவில் சுண்ணக்கட்டியால் பெருக்கல் குறி போட்டார்கள். பூட்டிய கதவுகளிலும் போட்டார்கள். எல்லாரும் பள்ளிக்கூட மைதானத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வட்டாரம் முழுக்க மின்சாரம் நிறுத்தியிருந்தது. சுற்றியிருந்த கம்பெனிகளில் தையல் மெஷின்கள் ஓய்ந்து, அந்தத் தெருக்களில் நான் அதுவரை கேட்டிராத ஒரு அமைதி. போலீஸ்காரர்கள் இரண்டு முனையிலும் சாலையை மறித்து நின்றார்கள்.

மேற்கே மேகம் கறுக்கத் தொடங்கியது.

மின்னல் நம் தொழிலின் மாமியார். எப்போது வருவாள் என்று தெரியாது, வந்தால் நம் பேச்சு எடுபடாது. வெடி வைத்த கட்டடத்தின் அருகே மின்னல் இறங்கினால் அது யாரிடமும் சாவி கேட்காது. என் கூட்டாளி தேவராஜ் வெடிப்பெட்டி அருகே இருந்தான். வாக்கி-டாக்கியில் அவன் குரல் வந்தது.

"அண்ணா, பல்லடம் பக்கம் உறுமுதுங்க. வந்துருங்க, முடிச்சுரலாம்."

"ஒரு சுத்து வந்தர்றேன்."

"எல்லாம் பாத்தாச்சுங்கண்ணா. கதவுக்குக் கதவு குறி போட்டாச்சு."

"குறி போட்டது நானில்லையே" என்று சொல்லிவிட்டு, சாவியைப் பையில் தொட்டுப் பார்த்துக்கொண்டு சந்துக்குள் நடந்தேன்.

எல்லாக் கதவிலும் வெள்ளைக் குறி. சில சாத்தியிருந்தன, சிலவற்றில் பூட்டு. கொடியில் யாருடைய லுங்கியோ காற்றில் படபடத்தது. ஒரு பூட்டிய கதவின் முன் என் கால் நின்றது. வாசலில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. அதன் வார் முழுக்க வெள்ளைப் பஞ்சுத் தூசி அப்பியிருந்தது. பின்னல் தறி ஓடுகிற கூடத்தில் மட்டும் இப்படி ஒட்டும். வேலைக்குப் போகிற செருப்பு இது. வேலைக்குப் போயிருந்தால் இது எதற்கு இங்கே?

தட்டினேன். பதில் இல்லை. ஓங்கித் தட்டினேன். பூட்டுதான் ஆடியது.

சந்து முனையில் லைன் வீட்டுக்காரி சரசக்கா நின்றிருந்தார். கையசைத்துக் கூப்பிட்டேன். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னாலேயே முதலாளியும் வந்துவிட்டார், முகமெல்லாம் வியர்வையோடு.

"இந்த ரூம்ல யாருங்க்கா?"

"ரெண்டு பேருங்க. செல்வின்னு ஒரு தம்பி, தெக்கத்திப் பையன். கட்டிங்ல இருக்குது. இன்னொன்னு பிகாஷுங்க, ஒடிசா. நிட்டிங் ஓட்டுது."

"பிகாஷ் பகல் ஷிப்டுங்களா, நைட்டுங்களா?"

"நைட்டுங்க. இவன் வந்தா அவன் போவான். ஒரே பாயிதானுங்க ரெண்டு பேருக்கும். பகல்ல இவன், ராத்திரி அவன்."

"அப்ப இப்ப பிகாஷ் எங்கீங்க?"

சரசக்கா பூட்டைப் பார்த்தார்.

"பூட்டு இருந்துச்சுங்களே" என்றார் மெதுவாக. "வேலைக்குப் போறவன் வெளிய பூட்டீட்டுத்தாங்க போவான். ஒரே பூட்டு, ஒரே சாவி. உள்ள தூங்கறவனை யாரும் தட்டி எழுப்பக் கூடாதுன்னு. போன மாசம் செல்போன் திருட்டு வேற. இந்த லைன்ல பாதிப் பேரு அப்படித்தானுங்க."

நீங்கள் எந்த ஊரில் வெடி வைத்தாலும் பூட்டிய வீடு காலி வீடு. புத்தகமும் அப்படித்தான் சொல்லும். இந்த ஊரில் அப்படி இல்லை. இங்கே தூக்கமும் ஷிப்டில் ஓடுகிறது. ஒருவனின் பகலை இன்னொருவன் வெளியே பூட்டிப் பத்திரப்படுத்துகிறான். குறி போட்டவர்கள் உள்ளூர் ஆட்கள், கெட்டிக்காரர்கள். அவர்களுக்கே இது தெரிந்திருந்தும் தோன்றவில்லை. பூட்டைப் பார்த்ததும் கை தானாகக் குறி போட்டிருக்கிறது.

சரசக்கா செல்வினுக்குப் போன் அடித்தார். மணி அடித்து ஓய்ந்தது. அவன் கம்பெனியில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்களாம். பிகாஷின் போன் அணைந்திருந்தது.

முதலாளி பொறுமை இழந்தார். "ஏனுங்க, இந்தத் தட்டுத் தட்டீங்க. ஆளிருந்தா எந்திரிச்சிருக்க மாட்டானா? கரண்டு போயி இத்தன நேரமாச்சு, இந்தப் புழுக்கத்துல எவன் தூங்குவான்?"

"தெரியலீங்க."

"அவன் செருப்பு ரெண்டு சோடி வச்சிருப்பானுங்க. நான்கூட நாலு வச்சிருக்கேன்."

"நீங்க வச்சிருப்பீங்க."

அவருக்குச் சுருக்கென்று இருந்திருக்கும். "மழை வந்துட்டிருக்குது. ஊரே கரண்டு இல்லாம நிக்குது. போலீசு, தாசில்தார் ஆபீசு, எல்லாரையும் மறுபடி கூட்டறது லேசான காரியமுங்களா? பூட்டுப் போட்ட ஊட்டுக்குள்ள ஆளைத் தேடறீங்க. பேய் புடிக்க வந்தீங்களா, வெடி வைக்க வந்தீங்களா?"

வாக்கி-டாக்கியில் தேவராஜ். "அண்ணா, மின்னுச்சுங்க. இடி கொஞ்சம் கழிச்சுத்தான் கேட்டுச்சு. இன்னும் தூரந்தான். ஆனா வருது."

இந்த இடத்தில்தான் நீங்கள் நிற்பீர்கள். எத்தனை பயிற்சி எடுத்தாலும் ஒரு நாள் இந்தச் சந்தில் நிற்பீர்கள். ஒரு பக்கம் மின்னல். இன்னொரு பக்கம் பூட்டிய கதவு. நடுவில் உங்கள் பையில் சாவி. எல்லாரும் சொல்வது நியாயமாகவே இருக்கும். முதலாளி சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அவர் கெட்டவர் அல்ல, அவசரப்படுகிறவர். அவசரம் எப்போதும் நல்ல காரணங்களோடுதான் வரும். அதனால்தான் அதை மறுப்பது கஷ்டம்.

நான் தேவராஜிடம் சொன்னேன்: "மின்னலும் இடியும் சேர்ந்து வந்துச்சுன்னா யாரும் எதுக்கும் காத்திருக்க வேண்டாம். எல்லாரும் பின்னாடி போயிருங்க, நானும் வந்தர்றேன். மழை நின்னப்புறம் பாத்துக்கலாம். அதுவரைக்கும் இந்தச் சாவி பெட்டிக்கு வராது."

பிறகு சரசக்காவிடம் திரும்பினேன். "கடப்பாரை இருக்குதுங்களா?"

"அடுத்தவன் பூட்டுங்களே சாமி..."

"பூட்டு அவனுது. ஆளு நம்முளுதுங்க."

ஓடிப்போய்க் கொண்டுவந்தார். பூட்டு கெட்டி. நாதாங்கி லேசு. இரண்டு நெம்பில் மரத்தோடு பிய்ந்து வந்தது. கதவைத் தள்ளினேன்.

இருட்டு. பாய். பாயில் ஒரு மனிதன், முப்பது வயதிருக்கும், சட்டை இல்லாமல் குப்புறப் படுத்து, நனைத்த துண்டை முதுகில் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். இரண்டு காதிலும் பஞ்சு. தறிச் சத்தத்துக்கு வைத்த பஞ்சை எடுக்காமலே படுத்திருக்கிறான். மைக், விசில், என் தட்டல், முதலாளியின் நியாயம், எதுவும் அந்தப் பஞ்சைத் தாண்டவில்லை.

தோளைத் தொட்டேன். கண்ணைத் திறந்தான். தலைக்கவசமும் கடப்பாரையுமாக எதிரே ஒரு ஆள். பயந்து கத்துவான் என்று நினைத்தேன். ஒரு காதுப் பஞ்சை எடுத்துவிட்டு, "டைம் ஆயிடுச்சாங்க அண்ணா?" என்றான்.

"ஆயிடுச்சு. எந்திரி."

சரசக்கா அவன் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். அவன் முதுகில் ஒன்று வைத்தார். அவன் எதற்கு அடி என்று தெரியாமல் செருப்பைத் தேடிக் காலில் மாட்டிக்கொண்டான்.

முதலாளி கதவோரம் சாய்ந்து நின்றிருந்தார். நான் சந்தைப் பார்த்தேன். வரிசையாகக் கதவுகள், வரிசையாகப் பூட்டுகள், வரிசையாக வெள்ளைக் குறிகள். இந்தக் குறி பொய் என்றால் மற்றவை?

"மிச்சமெல்லாம்?" என்றார் முதலாளி. குரல் இறங்கியிருந்தது. "எல்லாத்தையும் உடைக்கோணுமுங்களா?"

"ஆமாங்க."

அவர் வானத்தைப் பார்த்தார். மேகம் எங்கள் தலைக்கு வந்துகொண்டிருந்தது. சரசக்கா என் கையிலிருந்த கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டார்.

"எங்கூட்டுக் கதவு, நானே ஒடைக்கறேன். நீங்க உள்ள பாருங்க. ஆம்பளைக ரெண்டு பேரும் பேசிட்டே நின்னீங்கன்னா மழைதான் வரும்."

அப்படித்தான் நடந்தது. அவர் நெம்ப, நான் உள்ளே நுழைந்து பார்த்து வெளியே வர, பிய்ந்த கதவுகளை முதலாளி ஒவ்வொன்றாகத் திறந்து பிடித்துக்கொண்டார். பாய்கள். அரிசிச் சிப்பங்கள். சுவரில் மாதாவும் முருகனும் ஒரே ஆணியில். ஒரு அறையில் குக்கர் இன்னும் சூடாக இருந்தது. ஆள் யாரும் இல்லை. கடைசிக் கதவிலிருந்து வெளியே வந்தபோது என் வாயிலிருந்து அந்தச் சொல் தானாக வந்தது. "யாரும் இல்லை." சொன்னதும் ஹவில்தாரின் முகம் எனக்கு விளங்கியது.

ஓடினோம். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே இன்னும் இடைவெளி இருந்தது. மைதானத்தில் பிகாஷைச் சரசக்கா கையோடு பிடித்து நிற்பதைக் கண்ணால் பார்த்தபின், தேவராஜிடம் சாவியைக் கொடுத்தேன். விசில் ஊதினேன்.

புகைபோக்கி முதலில் ஒன்றும் செய்யவில்லை. அதன் இடுப்பில் ஒரு வெள்ளைப் புகை மட்டும். பிறகு, யாரோ கூப்பிட்டதுபோல வடக்கே தலையைத் திருப்பியது. திருப்பிக்கொண்டே இறங்கியது. சாயத்தொட்டிகளின் மேல் முழு நீளத்துக்குப் படுத்தது. அடியில் காய்ந்து கிடந்த சேறு எழும்பியது. நீலம், அரக்கு, பச்சை, ஒரு மஞ்சள். மூடிய பட்டறை தன் கடைசிச் சாயத்தை வானத்துக்கு ஏற்றிப் பார்த்தது. அதன் மேல் முதல் துளி விழுந்தது. பிறகு மழை.

மழை விட்டபின் லைன் வீட்டுக்குப் போனோம். கூரையில் ஒரு ஷீட் நகரவில்லை. ஒரு கல் தெறிக்கவில்லை. பிகாஷின் அறையில் பாய் அப்படியே கிடந்தது, மேலே தூசிகூட இல்லை. சந்து முழுக்க உடைந்த கதவுகள்தான் ஊசலாடின.

முதலாளி சுற்றிப் பார்த்துவிட்டு என் பக்கம் வந்தார். கோபம் இல்லை, உண்மையிலேயே கேட்டார். "ஒண்ணுமே ஆகலீங்களே. அவன் உள்ள படுத்திருந்தாக்கூட ஒண்ணும் ஆயிருக்காது. இல்லீங்களா?"

"ஆயிருக்காதுங்க."

"அப்புறம் எதுக்குங்க இத்தன கதவு?"

நான் சொன்னேன்: "அது இப்பத்தானுங்க நமக்குத் தெரியும். அப்பத் தெரியாது."

அவர் தன் ஆளைக் கூப்பிட்டு, இருட்டுவதற்குள் எல்லாக் கதவுக்கும் ஆசாரியைக் கொண்டுவந்து நாதாங்கி அடிக்கச் சொன்னார்.

தம்பிகளே, தங்கைகளே, உங்களுக்காக நான் எழுதியது அந்தப் பதில் ஒன்றைத்தான். ஒரு முடிவு சரியா என்பதைப் பின்னால் விழுந்த கல் சொல்லாது. முடிவெடுத்த நேரத்தில் உங்களுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது, தெரியாததை என்ன செய்தீர்கள், அவ்வளவுதான். நீங்கள் நிறுத்திய பல நாட்களில் ஒன்றும் நடந்திருக்காது. உங்களைக் கேலி செய்வார்கள். பயந்தாங்கொள்ளி என்பார்கள். அடுத்த வேலையை இன்னொருவருக்குக் கொடுப்பார்கள். கொடுக்கட்டும். ஒரு பாறையைப் பிளக்கிற பொருளைக் கையில் வைத்திருக்கிறவன் ஒரு கேலியைத் தாங்க முடியாதவனாக இருக்கக் கூடாது.

சாயங்காலம் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். செல்வின் கம்பெனி விட்டு ஓடிவந்தான். வழியிலேயே யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒல்லியான ஆள், கட்டிங் டேபிளின் நூல்துணுக்கு தலைமுடியெல்லாம். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தவன், பூட்டு இல்லாத கதவைப் பார்த்து அப்படியே நின்றான். பிகாஷ் உள்ளே நின்று, ஷிப்டுக்குப் போகச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தான்.

"நான்தாம்ல பூட்டுனேன்" என்றான் செல்வின். "காலைல மைக்குல சொன்னான். நீ ஷிப்டுக்குப் போனப்பெறவுதான் வெடிப்பாங்கன்னு நெனச்சேன். நீ வந்து படுத்ததும் எப்பவும் போலப் பூட்டிட்டுப் போயிட்டேன். கையி அதுபாட்டுக்குப் பூட்டுது."

"பரவால்லீங்க அண்ணா" என்றான் பிகாஷ். கொங்கு மரியாதையை ஒடிசா நாக்கில் வைத்து அவன் பேசுவது கேட்க நன்றாக இருந்தது. "நல்லா தூங்கினேங்க."

செல்வின் சிரிக்க முயன்றான். வரவில்லை. "நீ முழிச்சிருக்கும்போது உன் மூஞ்சியை இன்னைக்குத்தாண்டே ஒழுங்காப் பாக்கேன். ஞாயித்துக்கிழம எனக்கு லீவு. கறி எடுத்துப் பொங்குவோம். சேந்து சாப்பிடுவோம்."

பிகாஷ் வாசலில் இறங்கிச் செருப்பை மாட்டினான். "ஞாயிறு பகல் நான் தூங்குவேங்க அண்ணா. சனி ராத்திரி ஷிப்ட் இருக்கு."

"தூங்கு" என்றான் செல்வின். "நான் உள்ளதான் இருப்பேன்."